பகிர்ந்த அசெம்பிளியில் இணைக்கப்பட்ட பாகங்களைத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் தனியாக வேலை செய்யும்வரை எந்தப் பாகத்தை வேண்டுமானாலும் தொடலாம். நான்கு பேர் சேர்ந்து ஒரே அசெம்பிளியில் (பல பாகங்களைப் பொருத்திய முழு மாடலில்) கை வைத்ததும்தான் "இதைத் திருத்தினால் வேறு எங்கே போய் இடிக்கும்?" என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டளைகளின் பெயர் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், ஆனால் அடியில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் முக்கியமாக இருக்கும் இடத்தில் மட்டும் மென்பொருளின் பெயரைச் சொல்கிறேன்.

இணைக்கப்பட்ட பாகம் என்றால் சரியாக என்ன? அது அசெம்பிளிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

வெளியே இருக்கிறது. அசெம்பிளிக் கோப்பைத் திறந்தால் எல்லாப் பாகங்களும் அதற்குள்ளேயே இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அதில் எழுதியிருப்பது "இந்தக் கோப்பை எடு, இந்த இடத்தில் இந்தக் கோணத்தில் வை, அந்த முகத்தோடு ஒட்டிக்கொள்" என்பது மாதிரியான குறிப்புகள். பாகத்தின் வடிவம் அதன் சொந்தக் கோப்பில்தான் இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், கிரியோ, என்எக்ஸ் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம்.

ஃபியூஷனில் இரண்டு வகையும் உண்டு. அதே வடிவமைப்புக்குள் உருவாக்கியது உள் பாகம். வேறு கோப்பிலிருந்து கொண்டுவந்தது இணைப்புப் பாகம். இரண்டாவதன் பெயருக்குப் பக்கத்தில் சிறிய சங்கிலிக் குறி இருக்கும். ஃப்ரீகேடில் 2021-இல் வந்த 0.19 பதிப்பிலிருந்து லிங்க் என்ற பொருளே தனியாக இருக்கிறது. ஆட்டோகேடில் இதற்கு எக்ஸ்ரெஃப் என்று பெயர்.

இந்த எண்ணம் கணினி வரைபடத்தின் வயதை ஒத்தது. 1963-இல் ஐவன் சதர்லண்ட் எம்ஐடியில் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே மூலப் படம் ஒன்று, அதன் பிரதிகள் பல என்ற ஏற்பாடு இருந்தது. மூலத்தைத் தொட்டால் பிரதிகள் எல்லாம் மாறின. இன்றைக்கும் இணைப்பின் பலன், சிக்கல் இரண்டும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன.

அசெம்பிளியில் பாகத்தைத் தேர்ந்தெடுத்தால் திருத்தும் கட்டளைகள் மங்கலாகத் தெரிகின்றன. ஏன்?

மென்பொருள் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலும் நீங்கள் அசெம்பிளியின் மட்டத்தில் நின்றுகொண்டு பாகத்தின் வடிவத்தைத் தொடப் பார்க்கிறீர்கள். முதலில் அந்தப் பாகத்தைத் திருத்தும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அல்லது அதன் கோப்பைத் தனியாகத் திறக்க வேண்டும்.

அதைச் செய்தும் முடியவில்லை என்றால் வேறொருவர் அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம். கோப்பு மேலாண்மை முறையில் நீங்கள் அதைச் செக் அவுட் செய்யாமல் (திருத்துவதற்காக உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளாமல்) இருக்கலாம். அது வாசிக்க மட்டும் அனுமதி உள்ள நூலகக் கோப்புறையில் இருக்கலாம்; போல்ட், நட், பேரிங் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். பெரிய அசெம்பிளி சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகப் பாகங்களை லேசான நிலையில் ஏற்றியிருந்தாலும், முழுதாக ஏற்றும்வரை உள்விவரம் கைக்கு வராது. ஆன்ஷேபில் வேறு ஆவணத்திலிருந்து வந்த பாகம் என்றால், நீங்கள் பார்ப்பது அந்த ஆவணத்தின் உறைந்த ஒரு பதிப்பு. பதிப்பைத் திருத்தவே முடியாது. மூல ஆவணத்துக்குப் போய்த் திருத்தி, புதிய பதிப்பு எடுத்து, பிறகு இங்கே இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

அனுமதி இல்லாத கோப்பை வேறு பெயரில் சேமித்து அதையே அசெம்பிளியில் சொருகுவது பலரும் எடுக்கும் குறுக்குவழி. தயவுசெய்து வேண்டாம். அந்த நொடியிலிருந்து ஒரே பாகத்துக்கு இரண்டு உண்மைகள் உருவாகிவிடுகின்றன, அதுவும் யாருக்கும் சொல்லாமல்.

பாகத்தைத் தொடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

"இது இன்னும் எங்கெங்கே பயன்படுகிறது?" என்பதை. என் மொத்த அனுபவத்தையும் ஒரே கேள்வியாகச் சுருக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒருமுறை மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட் ஒன்றில் எம்6 (6 மிமீ விட்டமுள்ள) போல்ட்டுக்கான 6.6 மிமீ துளைகளை, எம்8 போட வேண்டும் என்று 9 மிமீ ஆக்கினேன். இரண்டுமே போல்ட் துளைகளுக்கான ஐஎஸ்ஓ 273 தரநிலை சொல்லும் நடுத்தர இடைவெளி அளவுகள்தான். என் அசெம்பிளியில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதே பிராக்கெட் வேறு இரண்டு இயந்திரங்களின் அசெம்பிளியிலும் இருந்தது எனக்குத் தெரியாது. அங்கே போட்டிருந்தது எம்6.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டு அசெம்பிளிகளிலும் ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை என்பது. துளை பெரிதானதே தவிர அதன் மையக்கோடு நகரவில்லை. போல்ட்டை ஒருமையமாகப் பிடித்திருந்த மேட் (இரண்டு பாகங்களைப் பொருத்தும் கட்டுப்பாடு) அப்படியே நின்றது. சிவப்பாக எதுவும் தெரியாததால் டிராயிங் தானாகப் புதுப்பிக்கப்பட்டு, பாகங்கள் வெட்டப்பட்டு வந்துவிட்டன. பொருத்தும்போதுதான் போல்ட் துளைக்குள் ஆடியது. எம்6 அறுகோணத் தலையின் எதிர்ப்பக்க அகலம் 10 மிமீ. 9 மிமீ துளையின் மேல் அது உட்காருவதற்கு ஒரு பக்கத்துக்கு அரை மிமீதான் மிஞ்சும். அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

பிழை காட்டவில்லை என்பதால் பிழை இல்லை என்று ஆகாது. அன்றிலிருந்து பகிர்ந்த பாகம் எதுவானாலும் பயன்பாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் தொடுவதில்லை. சாலிட்வொர்க்ஸ் பிடிஎம், வால்ட், விண்ட்சில் போன்ற கோப்பு மேலாண்மை (பிடிஎம்) மென்பொருள்கள் எல்லாவற்றிலும் "எங்கே பயன்படுகிறது" என்று தேடும் வசதி இருக்கிறது. ஃபியூஷனிலும் கோப்பின் விவரத்தில் அது எந்தெந்த வடிவமைப்புகளில் இருக்கிறது என்று பார்க்கலாம். வெறும் பகிர்ந்த கோப்புறையில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பட்டியல் தானாகக் கிடைக்காது. அவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாகத்தை அசெம்பிளியில் நகர்த்தினால் மற்றவர்களுக்கும் நகருமா?

பாகத்தின் கோப்பில் எதுவும் மாறாது. இடம், கோணம், மேட், ஒளித்து வைத்தல், அசெம்பிளியில் மட்டும் போட்ட நிறம் இவையெல்லாம் அசெம்பிளியின் சொத்து. அதே அசெம்பிளியைத் திறப்பவருக்கு மாறும். வேறு அசெம்பிளியில் இருப்பவருக்கு மாறாது.

நிறத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சாலிட்வொர்க்ஸில் நிறத்தைப் பாகத்தின் மேல் போடும்போது முகத்துக்கா, பாகத்துக்கா, இந்த அசெம்பிளியில் உள்ள இந்தப் பிரதிக்கு மட்டுமா என்று கேட்கும். பாகம் என்று தேர்ந்தெடுத்தால் அது பாகத்தின் கோப்பையே மாற்றுகிறது, சேமிக்கும்போது அதையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லும். "நான் எதையும் மாற்றவில்லையே, ஏன் பன்னிரண்டு கோப்புகளைச் சேமிக்கச் சொல்கிறது?" என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை.

துணை அசெம்பிளி என்றால் இன்னொரு விஷயம். அதற்குள் இருக்கும் பாகங்களின் நிலை துணை அசெம்பிளிக்குச் சொந்தம். மேலே நின்றுகொண்டு உள்ளே இருக்கும் சிலிண்டரின் தண்டை இழுத்தால் அது அசையாது. அசைய வேண்டும் என்றால் அந்தத் துணை அசெம்பிளியை நெகிழ்வான நிலைக்கு மாற்ற வேண்டும். சாலிட்வொர்க்ஸிலும் இன்வென்டரிலும் இந்த வசதி இருக்கிறது.

தனியாகத் திறந்து திருத்துவது நல்லதா, அசெம்பிளிக்குள்ளேயே திருத்துவது நல்லதா?

அளவு கையில் இருந்தால் தனியாகத் திறங்கள். தடிமன் 5-லிருந்து 6, துளை 5.5-லிருந்து 6.6 என்பது போன்ற வேலைக்கு அசெம்பிளி தேவையில்லை. தனிச் சாளரத்தில் திறந்தால் சுற்றியிருக்கும் எதன் மேலும் தவறிப்போய் ஸ்கெட்ச் (வடிவத்துக்கு அடிப்படையான கோட்டுப்படம்) ஒட்டிக்கொள்ளாது.

பக்கத்துப் பாகத்தைப் பார்த்துக்கொண்டே வடிவம் போட வேண்டியிருந்தால் அசெம்பிளிக்குள் திருத்துவது வசதி. மூடியின் விளிம்பு பெட்டியின் வளைவோடு போக வேண்டும், குழாய் இரண்டு பம்புகளுக்கு நடுவே நுழைய வேண்டும் என்பது மாதிரியான இடங்களில் தனியாகத் திறந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரைவது போலத்தான் இருக்கும். ஆனால் எந்த வழியில் திருத்தினாலும் சேமிக்கப்படுவது மூலக் கோப்புதான். அசெம்பிளிக்குள் திருத்துவதால் மாற்றம் அந்த அசெம்பிளியோடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படி நிற்காது.

ஆட்டோகேடில் எக்ஸ்ரெஃபை அந்த இடத்திலேயே திருத்த ரெஃப்எடிட் கட்டளை உண்டு. சின்ன மாற்றத்துக்கு அது போதும். பெரிய மாற்றம் என்றால் அந்தக் கோப்பையே திறந்துவிடுவது மேல்.

அசெம்பிளிக்குள் திருத்திய பிறகு பாகத்தின் பெயருக்குப் பின்னால் அம்புக்குறி வந்துவிட்டது. இது எதற்கு?

உங்கள் பாகம் இப்போது இன்னொரு பாகத்தைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு. அசெம்பிளிக்குள் ஸ்கெட்ச் போடும்போது பக்கத்துப் பாகத்தின் விளிம்பைத் தொட்டிருப்பீர்கள். "அந்த விளிம்பு எங்கே போனாலும் நானும் வருவேன்" என்று அது எழுதி வைத்துக்கொண்டது. இதை வெளிச் சார்பு என்று சொல்லலாம்.

சாலிட்வொர்க்ஸில் வெறும் அம்பு என்றால் சார்பு உயிரோடு இருக்கிறது. அம்புக்குப் பின்னால் கேள்விக்குறி இருந்தால் சார்ந்திருக்கும் அசெம்பிளி இப்போது திறந்திருக்கவில்லை. நட்சத்திரம் இருந்தால் சார்பு பூட்டப்பட்டிருக்கிறது. எக்ஸ் இருந்தால் முறிக்கப்பட்டுவிட்டது. பூட்டியதைத் திரும்பத் திறக்கலாம். முறித்ததைப் பழையபடி ஒட்ட முடியாது.

தனியாக வேலை செய்பவருக்கு வெளிச் சார்பு அருமையான கருவி. பகிர்ந்த அசெம்பிளியில் நான் அதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வேன். உங்கள் பாகத்தைத் திறக்காமலேயே இன்னொருவர் அதன் வடிவத்தை மாற்றிவிட முடியும் என்பது முதல் காரணம். அவர் தன் பெட்டியை 10 மிமீ நீட்டுவார். உங்கள் மூடி தானாக நீளும். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய டிராயிங் அதோடு மாறும். அப்புறம், அந்த மூடி இரண்டு அசெம்பிளிகளில் இருந்தால் எதன் பேச்சைக் கேட்கும்? இன்வென்டரில் ஒரு பாகம் ஒரே ஒரு அசெம்பிளிக்கு மட்டும்தான் அடாப்டிவாக (பக்கத்துப் பாகத்துக்கு ஏற்பத் தானாக மாறுவதாக) இருக்க முடியும் என்று கட்டுப்பாடே இருக்கிறது. சாலிட்வொர்க்ஸும் பல அசெம்பிளிகளைச் சார்ந்திருப்பதை இயல்பாக அனுமதிப்பதில்லை, அமைப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். கடைசியாக வட்டச் சார்பு. அ ஆ-வைப் பார்க்கும், ஆ இ-யைப் பார்க்கும், இ திரும்ப அ-வைப் பார்க்கும். ஒவ்வொரு முறை ரீபில்ட் செய்யும்போதும் (மாடலை மறுபடி கணக்கிடும்போதும்) அளவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும். மூன்று பேர் மூன்று பாகங்களில் வேலை செய்யும்போது இந்த வட்டத்தை யார் போட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும்.

அதற்கு மாற்று, எல்லாப் பாகங்களும் ஒரே ஒரு மூலத்தை மட்டும் பார்ப்பது. முக்கிய நீளங்கள், தளங்கள், துளை மையங்கள் மட்டும் உள்ள ஒரு எலும்புக்கூடு கோப்பைச் செய்து, பாகங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். கிரியோவில் ஸ்கெலிட்டன் என்றே பெயர். இன்வென்டரில் டெரைவ் (Derive), என்எக்ஸில் வேவ் லிங்க் இந்த வேலையைச் செய்கின்றன. பாகத்துக்குப் பாகம் கை கோத்துக்கொள்ளாமல் எல்லாம் மேலே ஒரே இடத்தைப் பார்ப்பதால் வட்டம் உருவாக இடமில்லை. அந்த எலும்புக்கூட்டை மாற்றும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஆன்ஷேபின் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. அங்கே அசெம்பிளிக்குள் திருத்தும்போது சுற்றுப்புறம் அந்த நேரத்து நிலையில் உறைந்துவிடுகிறது. நீங்களாகப் புதுப்பி என்று சொல்லும்வரை உங்கள் பாகம் அசையாது.

சாலிட்வொர்க்ஸில் வெளிச் சார்பே உருவாகக் கூடாது என்று ஒரு பொத்தானில் அணைத்துவிட்டு அசெம்பிளிக்குள் திருத்தலாம். பார்க்கவும் முடியும், ஒட்டவும் செய்யாது.

ஒரே பாகம் எட்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எப்படி?

உண்மையிலேயே வேறு பாகமாக ஆக வேண்டும் என்றால் அந்தப் பிரதியை மட்டும் தனிப்படுத்துங்கள். சாலிட்வொர்க்ஸில் இதற்கு மேக் இன்டிபென்டன்ட், என்எக்ஸில் மேக் யுனிக். புதிய கோப்பு உருவாகும், அதற்குப் புதிய பெயரும் எண்ணும் கொடுக்க வேண்டும். நகல் என்ற சொல்லோடு விட்டுவிட்டால் அடுத்தவர் எதைப் பயன்படுத்துவது என்று தெரியாமல் திண்டாடுவார்.

நீளம் மட்டும் வேறு, மற்றதெல்லாம் அதே என்றால் ஒரே கோப்பில் இரண்டு கான்ஃபிகரேஷன் (ஒரே பாகத்தின் மாற்று வடிவங்கள்) வைப்பது நல்லது. பொருத்திய பிறகு துளை போடுவது மாதிரியான வேலை என்றால் பாகத்தைத் தொடவே வேண்டாம். அசெம்பிளி மட்டத்தில் வெட்டும் அம்சம் (துளை, வெட்டு போன்ற ஒரு வடிவமைப்புப் படி) போடலாம், அது அந்த அசெம்பிளியில் மட்டுமே தெரியும். இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்துத் துளையிடும் இடங்களில் இதுதான் உண்மைக்குப் பொருத்தமும்கூட.

கூட வேலை செய்பவர் பாகத்தைத் திருத்திவிட்டேன் என்கிறார். எனக்குப் பழையதே தெரிகிறது.

உங்கள் கணினியின் நினைவகத்தில் பழைய கோப்பு இருக்கிறது. பகிர்ந்த கோப்புறையில் வேலை என்றால் அந்தப் பாகத்தை ரீலோட் செய்யுங்கள். கிரியோவில் சாளரத்தை மூடினாலும் மாடல் செஷனில் தங்கியிருக்கும். காட்சியில் இல்லாதவற்றை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் திறந்தால்தான் புதியது வரும். ஃபியூஷனில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி வந்திருக்கும், அதில் அண்மைப் பதிப்பைப் பெறு என்று கொடுக்க வேண்டும். பிடிஎம் இருந்தால் அவர் செக் இன் செய்தாரா (திருத்தியதைப் பொது இடத்துக்குத் திருப்பி ஏற்றினாரா) என்று முதலில் கேளுங்கள். சேமிப்பது வேறு, செக் இன் செய்வது வேறு. அவர் கணினியில் சேமித்ததை நீங்கள் பார்க்க முடியாது.

எச்சரிக்கைக் குறி வந்ததும் உடனே புதுப்பித்துவிடலாமா?

வேண்டாம். என்ன மாறியது என்று தெரிந்த பிறகு செய்யுங்கள். மஞ்சள் குறியைப் பார்த்தாலே சிலருக்குக் கை பரபரக்கும். ஆனால் அந்தக் குறி சொல்வதெல்லாம் "புதியது ஒன்று இருக்கிறது" என்பதுதான். அது சரியானது என்றோ முடிந்துவிட்டது என்றோ சொல்லவில்லை. ஃபியூஷனில் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு பதிப்பு. கூட வேலை செய்பவர் பாதி வேலையில் எழுந்து போகும்போது சேமித்ததும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

வடிவமைப்பு வேகமாக ஓடும் காலத்தில் அடிக்கடி புதுப்பிப்பது நல்லது. மாறுபாடு சின்னதாக இருக்கும்போதே மோதல் தெரிந்துவிடும். டிராயிங் வெளியிடும் நேரம் நெருங்கினால் எல்லா இணைப்புகளையும் குறிப்பிட்ட பதிப்பில் நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் தெரியாமல் நுழையும் ஒரு மாற்றம் வாரக்கணக்கில் சரிபார்த்ததை வீணாக்கும்.

இரண்டு பேர் ஒரே பாகத்தை ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும்?

நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு பேரின் மாற்றங்களை வரிவரியாகச் சேர்க்க முடியும். பாகத்தின் கோப்பு அப்படிப்பட்டதல்ல. அது வரிகளாகப் பிரிக்க முடியாத பைனரி, அதற்குள் ஒவ்வொரு அம்சமும் முந்தைய அம்சத்தின் மேல் ஏறி நிற்கிறது. நடுவில் ஒன்றை மாற்றினால் மேலே உள்ளவை எல்லாம் புதிதாகக் கணக்கிடப்படும். அதனால் பெரும்பாலான மென்பொருள்கள் சேர்ப்பதற்குப் பதில் பூட்டுகின்றன.

சாலிட்வொர்க்ஸ் ஒரு கோப்பைத் திறந்ததும் அதே கோப்புறையில் அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் வைத்த ஒரு மறைகோப்பைப் போடும். ஆட்டோகேட் டிடபிள்யூஎல் என்ற பூட்டுக் கோப்பைப் போடும். இரண்டாவதாகத் திறப்பவருக்கு வாசிக்க மட்டும் கிடைக்கும். மென்பொருள் திடீரென்று நின்றுபோனால் சில சமயம் பூட்டுக் கோப்பு அப்படியே தங்கிவிடும். அதை அழிக்கும் முன் அந்தக் கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கணினிகளுக்கிடையே தானாக ஒத்திசையும் மேகக் கோப்புறையில் பூட்டை நம்ப முடியாது. பூட்டுக் கோப்பு உங்கள் கணினியில் இருக்கும், அவர் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, இருவரும் திருத்திக்கொண்டிருப்பீர்கள். பிறகு ஒருவருடையது நிற்கும், மற்றவருடையது "முரண்பட்ட நகல்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அசெம்பிளி அந்த நகலைப் பார்க்காது. யாருடைய ஒரு நாள் வேலை போனது என்று தெரியவே சில நாள் ஆகலாம். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் செக் அவுட் முறை உள்ள ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃப்ரீகேட் கோப்புகளை கிட் (பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்) களஞ்சியத்தில் வைத்திருப்பவர்கள் அதன் பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் துணைக்கருவியின் பூட்டைப் பயன்படுத்தலாம்.

ஆன்ஷேபில் மட்டும் நிலைமை வேறு. கோப்பு என்ற ஒன்றே இல்லாததால் இருவர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திருத்தலாம், கிளை பிரித்துப் பிறகு சேர்க்கவும் செய்யலாம். அப்போதும் நீங்கள் நிற்கும் அம்சத்தின் அடியில் இருக்கும் ஸ்கெட்சை அவர் மாற்றினால் உங்கள் வேலை ஆடத்தான் செய்யும். பூட்டு இல்லை என்பதால் பேச்சுவார்த்தை தேவையில்லை என்று ஆகிவிடாது.

சின்ன மாற்றம்தான் செய்தேன். மேட்கள் எல்லாம் சிவப்பாகிவிட்டன!

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மேட் "மேல் முகம்" என்று நினைவில் வைப்பதில்லை. அந்த முகத்துக்கு மென்பொருள் உள்ளுக்குள் கொடுத்த அடையாளத்தை வைத்திருக்கிறது. நீங்கள் பழைய ஸ்கெட்சை அழித்துவிட்டு அதே இடத்தில் அதே அளவில் புதிதாக வரைந்தால், கண்ணுக்கு அதே முகம், மென்பொருளுக்கு முன்பின் தெரியாத முகம். எல்லா மென்பொருளிலும் ஏதோ ஒரு அளவில் இது இருக்கிறது. ஃப்ரீகேடில் நெடுங்காலமாகத் தொல்லை கொடுத்துவந்தது; 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள்.

ஆகவே பகிர்ந்த பாகத்தில் அழித்து வரைவதைக் கூடியவரை தவிர்த்து, இருக்கும் ஸ்கெட்சின் அளவையே மாற்றுங்கள். கோட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அழிக்காமல் பழைய கோட்டுக்குப் பதில் புதியது என்று மாற்றிக்கொடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். ஃபில்லட் (விளிம்பை வளைப்பது), சாம்ஃபர் (விளிம்பைச் சாய்வாக வெட்டுவது) இரண்டையும் அம்ச மரத்தின் (அம்சங்களின் வரிசைப் பட்டியலின்) கடைசியில் வையுங்கள், அவற்றின் விளிம்பில் யாரும் மேட் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசெம்பிளி செய்பவர்கள் முகங்களைவிடத் தளங்களையும் அச்சுகளையும் பிடித்துப் பொருத்தினால் பாதிச் சிவப்பு வராது. காட்டியாவில் பப்ளிகேஷன் என்ற வழி உண்டு: பாகத்தைச் செய்பவர் "இந்த முகங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பெயரிட்டு வெளியே நீட்டுகிறார். உள்ளே எதை மாற்றினாலும் அந்தப் பெயரைப் புதிய முகத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும்.

விண்டோஸில் கோப்பின் பெயரை மாற்றினேன். அசெம்பிளி பாகத்தைக் காணவில்லை என்கிறது.

பழைய பெயரையே திரும்ப வையுங்கள், சரியாகிவிடும். இனிமேல் பெயர் மாற்றுவதையும் கோப்புறை மாற்றுவதையும் மென்பொருளுக்குள்ளிருந்தோ பிடிஎம்மிலிருந்தோ செய்யுங்கள். அப்போதுதான் இணைப்புகளும் கூடவே திருத்தப்படும். வெளியாருக்கு அனுப்பும்போதும் அசெம்பிளிக் கோப்பை மட்டும் அனுப்பினால் அவருக்கு வெறும் கூடுதான் கிடைக்கும். பேக் அண்ட் கோ மாதிரியான கட்டளையால் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள்.

திருத்திய பாகத்துக்குப் புதிய எண் கொடுக்க வேண்டுமா, பழைய எண்ணிலேயே ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) ஏற்றினால் போதுமா?

பழைய பாகமும் புதிய பாகமும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்துப் போட்டாலும், அது பயன்படும் எல்லா இடத்திலும் வேலை செய்யுமா? ஆம் என்றால் ரிவிஷன் போதும். இல்லை என்றால் புதிய எண். வடிவம், பொருத்தம், செயல் மூன்றும் மாறாமல் இருக்கிறதா என்று பொறியாளர்கள் கேட்பது இதைத்தான். நான் சொன்ன பிராக்கெட்டை இந்தக் கேள்வியின் முன் நிறுத்தியிருந்தால், 9 மிமீ துளையோடு அது புதிய எண்ணில் புதிய பாகமாகப் போயிருக்கும். மற்ற இரண்டு இயந்திரங்களும் தப்பித்திருக்கும்.

ஸ்டெப் கோப்பாக வந்த பாகத்தைத் திருத்தினால் அனுப்பியவருக்குப் போய்ச் சேருமா?

சேராது. ஸ்டெப் (மென்பொருள்களுக்கிடையே வடிவத்தைப் பரிமாறும் பொதுக் கோப்பு வகை) அந்த நேரத்து வடிவத்தை அப்படியே படியெடுத்த நகல். அம்ச மரம் அதில் வருவதில்லை. மாற்றம் வேண்டுமானால் அனுப்பியவரிடம் கேளுங்கள், அவர் மூலத்தில் திருத்தி மறுபடி அனுப்பட்டும்.

அவசரத்தில் இணைப்பை உடைத்துவிட்டேன். திரும்பச் சேர்க்க முடியுமா?

உடைத்த நொடியில் பாகம் உங்கள் அசெம்பிளிக்குள் தனி நகலாகிவிட்டது. அதற்குப் பிறகு மூலத்தில் யார் என்ன திருத்தினாலும் உங்களுக்கு வராது, எச்சரிக்கையும் வராது. திருத்த முடியவில்லை என்ற எரிச்சலில்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். வேண்டுமென்றே விலகும்போதும், முடிந்த திட்டத்தை அப்படியே உறைய வைக்கும்போதும் தவிர வேறு எதற்கும் இது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பதிப்பு வரலாறு இருந்தால் உடைப்பதற்கு முந்தைய பதிப்புக்குத் திரும்புவதே சுத்தமான வழி. நடுவில் நிறைய வேலை நடந்துவிட்டது, திரும்ப முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். மூலப் பாகத்தை இணைப்போடு புதிதாகக் கொண்டுவந்து நகலின் மேலேயே வையுங்கள். இரண்டின் கனஅளவையும் ஈர்ப்பு மையத்தையும் ஒப்பிடுங்கள். எண்கள் வேறுபட்டால் நகலிலோ மூலத்திலோ ஏதோ மாறியிருக்கிறது. எது சரி என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எண்கள் ஒத்துப்போனாலும் ஒரு குறுக்குவெட்டுக் காட்சியில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு மேட்களை ஒவ்வொன்றாகப் புதிய பாகத்துக்கு மாற்றுங்கள், பத்துக்கு ஒருமுறை ரீபில்ட் செய்து பார்த்துக்கொண்டே போங்கள். டிராயிங்கில் அளவுக்கோடுகள் தொங்கிக்கொண்டிருந்தால் அவற்றையும் ஒட்டுங்கள். எல்லாம் முடிந்து பொருள் பட்டியலின் எண்ணிக்கை முன்புபோலச் சரியாக வரும்வரை பழைய நகலை அழிக்க வேண்டாம். பட்டியலில் சேராதபடி சப்ரஸ் செய்து (தற்காலிகமாக முடக்கி) வைத்திருங்கள்.